தேயிலைத் தொழிற்சாலையில் விரயம் களைதல்: கொழுந்தின் பின்னால் நடந்து தொடங்கும் ஒரு வழிகாட்டி

‘லீன்’ என்று உலகம் அழைக்கும் உற்பத்தி முறையைத் தமிழில் சிலர் ‘மெலிந்த உற்பத்தி’ என்று பெயர்த்திருக்கிறார்கள். அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு மலையகத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றுக்குள், அதாவது எங்கள் மக்கள் இன்றும் ‘ஸ்டோரு’ என்று சொல்லும் கட்டடத்துக்குள், நீங்கள் நுழைந்தால், ஆட்களைக் குறைக்க வந்திருக்கிறார்கள் என்றே எல்லோரும் எண்ணுவார்கள். ஏற்கெனவே மெலிந்திருப்பவர்களிடம் மேலும் மெலியச் சொல்வது போலவும் அது ஒலிக்கும். ஆகவே இந்தக் கட்டுரையில் நான் ‘விரயம் களைதல்’ என்றே எழுதுகிறேன். ‘லீன்’ என்ற பெயர் 1988இல் ஜோன் கிராஃப்சிக் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து பரவியது. அதன் உள்ளடக்கமோ ஜப்பானின் டொயோட்டா நிறுவனத்தில் தாய்ச்சி ஓனோவும் அவரோடு இருந்தவர்களும் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் பல ஆண்டுகள் பட்டறையிலேயே நின்று வடித்தெடுத்தது. பணம், இடம், பொருள் எல்லாம் தட்டுப்பாடாக இருந்த காலத்தில் பிறந்த முறை என்பதால், எங்கள் நிலைமைக்கு அது அந்நியமானதன்று.

ஓனோ ஏழு விரயங்களை வகுத்தார். தேவைக்கு மிஞ்சிய உற்பத்தி, காத்திருப்பு, வீண் போக்குவரத்து, வேண்டாத செய்முறை, தேங்கும் இருப்பு, வீண் உடலசைவு, பழுதான பொருள் என்பன அவை. இந்தப் பட்டியலை அச்சடித்துச் சுவரில் ஒட்டியதோடு நின்றுபோன தொழிற்சாலைகளை நான் பார்த்திருக்கிறேன். மோட்டார் வாகனத்துக்கான இரும்புத் தகடு ஒரு வாரம் கிடந்தாலும் இரும்பாகவே இருக்கும்; கொழுந்தோ காம்பிலிருந்து பிரிந்த நொடியிலேயே மாறத் தொடங்கிவிடுகிறது. எனவே தேயிலைத் தொழிற்சாலையில் ஏழில் முதன்மையானது காத்திருப்பு. ஆனால் இங்கே காத்திருப்பு இரண்டு வகை. கொழுந்தை வாட்டுவதற்கு 12 முதல் 18 மணித்தியாலங்கள் வரை தேவைப்படுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது வெறும் கிடப்பாகத் தெரிந்தாலும், தேநீரின் மணத்துக்கும் உருட்டும்போது கொழுந்து உடையாமல் முறுக்கிக்கொள்வதற்கும் அடிப்படையான வேலை அங்கேதான் நடக்கிறது. லொறிக்குள் சாக்கில் அமுங்கிக் கிடக்கும் ஒரு மணித்தியாலம் அப்படிப்பட்டதன்று. அது தேயிலையைக் கெடுக்கும் காத்திருப்பு. தேயிலையை ஆக்கும் காத்திருப்பையும் கெடுக்கும் காத்திருப்பையும் பிரித்தறிவதே தேயிலையில் இந்த முறையின் பெரும்பகுதி என்பது என் கணிப்பு. கீழே சொல்லப்படும் ஒவ்வொரு செயலும் இதைச் சார்ந்தே நிற்கிறது.

முதலில் செய்ய வேண்டியது: ஒரு சாக்கின் பின்னால் நடத்தல்

எந்தக் கருவியையும் வாங்குவதற்கு முன்னர், ஒரு கொப்பியும் கைக்கடிகாரமும் எடுத்துக்கொண்டு, ஒரு மலையில், அதாவது தோட்டத்தின் ஒரு பகுதியில், காலையில் எடுத்த கொழுந்து பொதி செய்யப்படும் வரை அதன் பின்னாலேயே செல்லுங்கள். ஜப்பானியர் இதைக் ‘கெம்பா’வுக்குப் போதல் என்பர், வேலை நடக்கும் இடத்துக்கே போய்ப் பார்ப்பது என்பதற்கு மேல் அதில் மந்திரம் எதுவும் இல்லை. சாக்கில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டால் அதைத் தவறவிட மாட்டீர்கள். ஒவ்வொரு இடத்திலும் அது வந்த நேரத்தையும் புறப்பட்ட நேரத்தையும் மட்டும் எழுதுங்கள். காரணங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நான் வேலை பார்த்த ஒரு தொழிற்சாலையில் முதன்முறை இப்படிப் பின்தொடர்ந்தபோது, முற்பகல் பத்தரைக்கு மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்) நிறுத்த கொழுந்து, லொறிக்காரர் வேறொரு பிரிவுக்குச் சென்றிருந்தமையால், பிற்பகல் இரண்டேகாலுக்குத்தான் தொழிற்சாலைக்கு வந்தது. சாக்கின் நடுவே கையை விட்டேன். அடை வைத்த கோழியின் அடிவயிற்றைப் போல அது சூடாக இருந்தது. உள்ளேயிருந்து எடுத்த பிடியில் நாலைந்து இலைகளின் விளிம்பு ஏற்கெனவே சிவந்திருந்தது. மறுநாள் விடியற்காலை நான்கு மணிக்கே வாட்டம் பதத்துக்கு வந்துவிட்டது. உருட்டும் ஆட்கள் ஆறு மணிக்குத்தான் வருவார்கள் என்பதால் அது மேலும் இரண்டு மணித்தியாலம் காய்ந்தது. இந்த இரண்டையும் அதுவரை எந்த அறிக்கையும் சொல்லியதில்லை. அறிக்கையில் கிலோக்கள் இருந்தன, மணிகள் இருக்கவில்லை.

மடுவத்திலிருந்து தொழிற்சாலை வாசல் வரை

கொழுந்து அமுங்காமலும் சூடேறாமலும் வந்து சேர வேண்டும். சாக்கைத் திணித்துக் கட்டுவதை நிறுத்துவதும், லொறியில் சாக்கின் மேல் சாக்கை அடுக்காமல் தட்டுகள் அமைப்பதும், காற்றோட்டமுள்ள பிளாஸ்டிக் பெட்டிகளைப் பயன்படுத்துவதும் செலவு குறைந்த வழிகள். லொறி அடிக்கடி, சிறு சுமையுடன் ஓடுவது நல்லது என்று விரயம் களைதல் சொல்லும்; டீசல் விலை அதற்கு மறுப்புச் சொல்லும். இந்த இடத்தில் கொள்கையை விடக் கணக்கே பேச வேண்டும். வண்டி செல்லும் வரிசையை மாற்றித் தொலைவிலுள்ள மடுவத்தை முதலில் சுற்றிவந்தாலே, கூடுதல் ஓட்டமில்லாமல் ஒரு மணித்தியாலம் மிச்சமாவது உண்டு.

இலத்திரனியல் தராசு இந்த இடத்துக்கே உரிய தொழில்நுட்பம். தராசு பற்றிய சந்தேகம் மலையகத்தில் மிகப் பழையது. சாக்குக்கும் ஈரத்துக்குமென்று கழிக்கப்படும் கிலோக்களைப் பற்றிய மனக்குறை பாட்டிமார் காலத்திலிருந்து வருகிறது. நிறை பெரிய எழுத்தில் கொழுந்தெடுப்பவருக்குத் தெரியும்படியும், உடனே துண்டு அச்சாகிக் கைக்கு வரும்படியும் தராசு அமைந்தால், கணக்கப்பிள்ளை ஏட்டில் எழுதும்போது நேரும் தவறுகள் குறையும். அதே எண் மலை இலக்கத்தோடும் நேரத்தோடும் தொழிற்சாலைக்கு முன்கூட்டியே போய்ச் சேர்ந்தால், எத்தனை வாட்டும் தொட்டிகளை ஒழித்து வைக்க வேண்டும் என்பது லொறி வருமுன்னரே தெரியும். தவறு நேர முடியாதபடி வேலையையே வடிவமைப்பதை ஜப்பானியர் ‘பொக்கா யொக்கே’ என்பர். தராசைக் கொழுந்தெடுப்பவர் பக்கம் திருப்பி வைப்பது அதன் எளிய உதாரணம்.

வாட்டுதல்: நல்ல காத்திருப்பை அளந்து நடத்தல்

ட்ரொஃப் எனப்படும் வாட்டும் தொட்டிகளின் விசிறிகள் தொழிற்சாலையின் மின்கட்டணத்தில் பெரும்பங்கை விழுங்குபவை. விரயத்தைக் களைய எண்ணும் ஒருவர் பணம் போட விரும்பினால், நான் முதலில் இங்கேதான் போடச் சொல்வேன். விசிறியின் மின்தேவை அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடிக் குறையும். வேகத்தை நூற்றுக்கு எண்பதாகக் குறைத்தால் மின்தேவை ஏறத்தாழ பாதியாகிறது. ஆகவே மோட்டாரின் வேகத்தை மாற்றும் இன்வேர்ட்டர் கருவி ஒவ்வொரு விசிறிக்கும் பொருத்தப்படுவது பயனுடையது. ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது: தொடக்க மணித்தியாலங்களில், குறிப்பாக மழையில் நனைந்து வந்த கொழுந்தின் மேல்நீர் போகும் வரை, முழு வேகமே வேண்டும். அந்த நேரத்தில் மின்சாரத்தை மிச்சப்படுத்தப் பார்த்தால், இலை மூச்சுவிடும்போது எழும் வெப்பம் படுக்கைக்குள்ளேயே தங்கிக் கொழுந்து அவிந்துவிடும். ஈரம் குறையக் குறையத்தான் காற்றையும் குறைக்கலாம்.

எப்போது வாட்டம் நிறைந்தது என்பதை அனுபவசாலி ஒருவர் கையில் பிடித்து உருட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். அந்தக் கையை நான் மதிக்கிறேன். ஆனாலும் அந்தக் கைக்குரியவர் வீட்டில் படுத்திருக்கும் இரவுகளுக்காக ஒரு சிறு ஏற்பாடு வேண்டும். ஒரு வலைப்பையில் ஒரு கிலோ கொழுந்தை நிறுத்துப் போட்டு, அதே தொட்டியின் நடுவில் வையுங்கள். வரும் கொழுந்தில் 77 வீதம் நீர் இருக்கிறதென்றால், அந்த ஒரு கிலோவில் திண்மம் 230 கிராம். வாடிய கொழுந்தில் 55 வீதம் நீர் இருக்க வேண்டும் என்பது உங்கள் இலக்கானால், 230 கிராம் என்பது மொத்தத்தில் 45 வீதமாக வேண்டும். அதாவது பை 511 கிராமுக்கு வரும்போது வாட்டம் நிறைந்தது. இரவுக் காவலில் இருப்பவரும் மணிக்கொரு முறை இதை நிறுத்து எழுதலாம். பையைத் தொடர்ந்து நிறுக்கும் உணரிகளும் இன்று கிடைக்கின்றன. முதல் ஆறு மாதம் கையால் நிறுத்து, உங்கள் தொட்டிகளின் போக்கைத் தெரிந்துகொண்ட பிறகு அவற்றைப் பற்றி யோசிப்பதே உத்தமம். காற்றின் உலர்தன்மையை அறிய ஈர, உலர் குமிழ் வெப்பமானி இரண்டும் தொட்டியின் வாயில் இருக்கட்டும். ஈரக் குமிழின் திரி காய்ந்துபோய்க் கிடந்தால் காற்று முழுக்க ஈரமாக இருப்பதைப் போல இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும், அதை நம்பி வெந்நீராவிக்குள் நிற்கிறோம் என்று முடிவு கட்டியவர்களும் உண்டு.

உருட்டல் முதல் உலர்த்தல் வரை: பின்னாலிருந்து இழுத்தல்

டொயோட்டா முறையில் அடுத்த நிலை கேட்டால்தான் முந்திய நிலை செய்ய வேண்டும். ‘கன்பன்’ எனப்படும் அட்டை அந்தக் கேள்வியைச் சுமந்து செல்லும். தேயிலைச் செடி யாருடைய அட்டைக்கும் காத்திருக்காது, வசந்த மழைக்குப் பின் துளிர் பெருகும் நாட்களில் கொழுந்து வந்துகொண்டேயிருக்கும் என்பதால், இழுப்பு முறை தேயிலைக்குப் பொருந்தாது என்று வாதிடுவோர் உண்டு. மலைக்கு அது பொருந்தாது என்பது உண்மை. ஆனால் வாட்டிய பின்னர் அது முழுமையாகப் பொருந்தும். ஏனெனில் உருட்டிய கணத்திலிருந்து நொதித்தலின் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. அந்தக் கடிகாரத்தை நிறுத்தக்கூடியது உலர்த்தும் இயந்திரமான டிரையர் மட்டுமே. எனவே ரோலர்கள் தம் வேகத்தில் ஓடக் கூடாது. டிரையர் விழுங்கும் வேகத்தில்தான் ஓட வேண்டும்.

கணக்கை இப்படிப் போடுங்கள். உங்கள் டிரையர் மணித்தியாலத்துக்கு 210 கிலோ தேயிலை தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ரோலர் ஒன்றில் ஒரு தடவைக்கு 300 கிலோ வாடிய கொழுந்து போடுகிறீர்கள். 55 வீதம் நீர் போக, அதில் திண்மம் 135 கிலோ. டிரையர் வாயில் 3 வீத ஈரத்தோடு வெளிவரும்போது அது ஏறத்தாழ 140 கிலோ தேயிலை. 140 கிலோவை உலர்த்த 40 நிமிடம் ஆகும். ஆகவே ரோலருக்கு 40 நிமிடத்துக்கு ஒரு தடவைதான் கொழுந்து போட வேண்டும். இந்த இடைவெளியை ‘டக்ட்’ நேரம் என்பர். 30 நிமிடத்துக்கு ஒரு தடவை போட்டால் வேலை வேகமாக நடப்பது போல் தோன்றும். ஒவ்வொரு சுற்றிலும் பத்து நிமிடம் தூள், அதாவது உருட்டிய கொழுந்து, தேங்கும். ஆறாவது சுற்றில் வரும் தூள் நொதித்தல் தட்டில் ஐம்பது நிமிடம் கூடுதலாகக் கிடக்கும். அந்த ஐம்பது நிமிடத்தில் செப்பு நிறம் கருத்து, மணம் மங்கி, ஏலத்தில் சுவைஞர் வாயில் வைத்ததும் ‘மென்மையாகிவிட்டது’ என்று துப்பும் தேநீர் உருவாகும். காலை முழுவதும் சுறுசுறுப்பாக உழைத்தவர்கள்மீது பிற்பகலில் குறை வரும்; குறையோ அவர்களுடையதன்று, முறையினுடையது.

இதைக் கண்ணால் பார்க்கும்படி ஆக்க, நொதித்தல் அறையில் ஒரு கரும்பலகையும் அதற்கு மேலே பெரிய கடிகாரமும் போதும். பலகையில் நான்கு நிரல்கள்: தூள் இலக்கம், உருட்டத் தொடங்கிய நேரம், டிரையருக்குப் போக வேண்டிய நேரம், போன நேரம். கடைசி இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சிவப்புச் சுண்ணாம்புக்கட்டியால் எழுதுங்கள். ஒரு வாரம் சிவப்பு எழுத்துகளைப் பார்த்த பிறகு ரோலர்காரர் உங்களிடம் வந்து, “சார், நாலாம் தூளு எப்பவும் பிந்துது, மூணாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவுல அஞ்சு நிமிசம் விட்டுப் போடுவமா?” என்று கேட்பார். அந்தக் கேள்வி வரும் நாளே ‘கைசென்’, அதாவது சிறுசிறு மாற்றங்களால் இடைவிடாது மேம்படுத்தல், தொடங்கிய நாள். அவர் சொன்னதை அன்றே செய்து பாருங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒத்திவைத்தால் இன்னொரு முறை வாய் திறக்க மாட்டார்.

தானாக நின்றுகொள்ளும் இயந்திரம்

டொயோட்டா குழுமத்தின் மூலவரான சாகிச்சி டொயோடா நெசவுத்தறி செய்தவர். 1924இல் நிறைவுபெற்ற அவருடைய தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். கெட்ட துணியைத் தொடர்ந்து நெய்யாது. தவறு கண்டவுடன் நிற்றல் என்ற இந்தக் கொள்கை ‘ஜிடோக்கா’ எனப்படுகிறது. எங்களிடம் அது மிகவும் தேவைப்படும் இடம் டிரையர். வெளியேறும் காற்றின் வெப்பம் சுமார் 50 பாகை செல்சியசை ஒட்டி நிற்க வேண்டும். மிகவும் தாழ்ந்தால் தேயிலை உலராமல் உள்ளே வெந்து போகும், மிகவும் உயர்ந்தால் வெளியே காய்ந்து உள்ளே ஈரம் பூட்டப்படும். உலையில் விறகு போடுபவர் இருப்பது கீழே, தட்டில் தூள் போடுபவர் இருப்பது மேலே. ஒருவருக்கு மற்றவர் செய்வது தெரியாது. வெப்ப உணரி ஒன்றை வெளியேறும் வழியில் பொருத்தி, இரண்டு இடத்திலும் தெரியும்படி பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகளை இணைத்தால், இருவரும் ஒரே மொழி பேசத் தொடங்குவார்கள். ‘அண்டோன்’ என்று ஜப்பானில் அழைக்கப்படும் விளக்கு இதுவே. உள்ளூர் மின்பணியாளர் ஒருவரே இதைச் செய்துவிடலாம். சிவப்பு எரிந்தால் தூள் போடுவதை நிறுத்தும் அதிகாரம் தட்டில் நிற்பவருக்கு எழுத்தில் வழங்கப்பட்டிருக்க வேண்டும். யாரையும் கேட்டுவிட்டுத்தான் நிறுத்தலாம் என்றால் அந்த விளக்கு வெறும் அலங்காரம்.

பழுது கண்டால் ஐந்து முறை ‘ஏன்’ என்று கேளுங்கள். ஒரு தடவை எங்கள் தேயிலையில் புகைவாடை இருப்பதாகத் தரகரிடமிருந்து செய்தி வந்தது. ஏன்? சூடான காற்றோடு புகையும் கலந்தது. ஏன்? காற்றைச் சூடாக்கும் குழாய் ஒன்றில் ஓட்டை. ஏன்? அந்தக் குழாய் மட்டும் அளவுக்கு மீறிச் சூடேறி அரித்திருந்தது. ஏன்? அக்கம்பக்கத்துக் குழாய்கள் புகைக்கரியால் அடைபட்டு, வெப்பமெல்லாம் அந்த ஒன்றின் வழியே சென்றது. ஏன்? குழாய் துப்புரவு செய்ய ஒதுக்கிய ஞாயிற்றுக்கிழமை, கொழுந்து மிகுந்த மாதங்களில் உற்பத்திக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. இரண்டாம் கேள்வியோடு நின்றிருந்தால் ஓட்டையை ஒட்டவைத்துவிட்டு அடுத்த ஆண்டும் அதே கடிதத்தைப் பெற்றிருப்போம்.

இங்கே ஒரு விதிவிலக்கையும் சொல்லியாக வேண்டும். தேங்கும் இருப்பு விரயம் என்ற பாடத்தை விறகு மடுவத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். பச்சை விறகின் எடையில் பாதியளவு நீர். அதை ஆவியாக்குவதற்கே உலையின் வெப்பத்தில் ஒரு பங்கு போய்விடும். பிளந்து, கூரைக்குக் கீழ் காற்றோட்டமாக அடுக்கி, மாதக்கணக்கில் உலரவிட்ட விறகு இருப்பு அன்று, முதலீடு. ‘இருப்பைக் குறை’ என்று கொழும்பிலிருந்து வந்த ஓர் ஆலோசகர் கூறியதைக் கேட்டு விறகைக் குறைத்து, அடுத்த மழைக்காலம் முழுவதும் புகையோடு போராடியவர்களை அறிவேன்.

சலித்தலும் ஒழுங்கும்

சலிக்கும் அறையில் விரயம் என்பது பெரும்பாலும் வேண்டாத செய்முறை. ஒவ்வொரு கூடுதல் சலிப்பும் தேயிலையின் கருமையான மேற்பூச்சைத் தேய்த்துச் சாம்பல் நிறமாக்கும், பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப். எனத் துகளின் அளவால் வேறுபடும் தரங்களைப் பிரிப்பதற்கு உண்மையில் எத்தனை முறை போதும் என்பதை ஒருமுறை சோதித்து எழுதி வையுங்கள். காம்பையும் நாரையும் கமெரா கொண்டு கண்டறிந்து, அமுக்கிய காற்றால் ஊதித் தள்ளும் நிறம் பிரிக்கும் இயந்திரம் சிறப்பானதே. ஆயினும் மலையில் இரண்டு இலையும் மொட்டும் எடுக்காமல் முற்றிய கரட்டு இலையையும் சேர்த்து எடுத்து அனுப்பிவிட்டு, அதை இயந்திரம் கொண்டு விலக்குவது, ஒரே பிழைக்கு இரண்டு முறை பணம் கொடுப்பதாகும்.

ஐந்து ‘எஸ்’ பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் தேசிய உற்பத்தித்திறன் செயலகத்தின் முயற்சியால் இலங்கையில் பாடசாலைகள், ஆஸ்பத்திரிகள் வரை அது தெரிந்த விடயம். தேவையற்றதை அகற்றி, இருப்பதற்கு இடம் குறித்து, துலக்கி, அதை வழமையாக்கி, கைவிடாமல் காப்பது. தேயிலைத் தொழிற்சாலையில் அதன் பலன் உடனே தெரிவது, சல்லடைத் தட்டுகளிலும் ரோலர் சாவிகளிலும்: சுவரில் ஒவ்வொரு சாவியின் உருவத்தையும் வண்ணத்தில் வரைந்து அதன் மேலேயே மாட்டினால், காணாமற்போன சாவி வெற்றுருவமாகத் தன்னையே காட்டிக்கொடுக்கும். தரம் மாற்றும்போது தேவையான சல்லடைகளை இயந்திரம் நிற்குமுன்னரே துடைத்து எடுத்து வைத்துக்கொள்வதும் இதே வழியில் கிடைக்கும் இலாபம்.

பொதி அறையில் கணினி உதவும். ஒவ்வொரு காகிதச் சாக்கிலும் பார்கோட் ஒட்டி, எந்த நாள், எந்த மலை, எந்தத் தூள் என்று பதிந்தால், ஏலத்தில் ஒரு தொகுதிக்கு விலை குறைந்தபோது காரணத்தைத் தேடிச் செல்ல வழி இருக்கும். அதற்கு விலையுயர்ந்த மென்பொருள் தேவையில்லை. கைத்தொலைபேசியில் திறக்கக்கூடிய ஓர் அட்டவணை போதும், அதன் தலைப்புகள் தமிழிலும் சிங்களத்திலும் இருந்தால். ஆங்கிலத் தலைப்புகளோடு வந்த அட்டவணைகளில் எங்கள் பிள்ளைகள் இட்ட எண்களைவிட விட்ட இடங்களே அதிகம்.

தொடங்கும் காலமும் அளவும்

2022இல் நீண்ட மின்வெட்டுகள் வந்தபோது, பிறப்பாக்கியில் எந்த விசிறியை முதலில் ஓட்டுவது என்று தெரிந்திருந்த தொழிற்சாலைகள் பதற்றமின்றி நடந்துகொண்டன. தொட்டிக்குத் தொட்டி நேரமும் எடையும் எழுதிவைத்திருந்ததே அவற்றின் பலம். நீங்கள் எழுத வேண்டிய அளவுகள் நான்கே நான்கு: கொழுந்து எடுத்ததிலிருந்து தொட்டியில் பரப்பும் வரை சென்ற நேரம், டிரையர் வாயில் தூள் காத்திருந்த நிமிடங்கள், ஒரு கிலோ தேயிலைக்குச் செலவான மின்சார அலகு, ஒரு கிலோ தேயிலைக்கு எரிந்த விறகு. ஒரு மாதத்தை அடுத்த மாதத்தோடு ஒப்பிடாதீர்கள். மழை மாதத்துக்கும் வெயில் மாதத்துக்கும் கொழுந்தின் ஈரமே வேறு. கடந்த ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள்.

கொழுந்து மலை போல் குவியும் சித்திரை, வைகாசியில் இவற்றைத் தொடங்கினால் இரண்டாம் நாளே கைவிட நேரும். நுவரெலியாப் பக்கம் புல்லின் மேல் உறைபனி படியும் தை, மாசியில் கொழுந்து குறைவு, உருட்டும் அறையில் பேச நேரமுண்டு. ஆகவே மார்கழியிலேயே கடிகாரத்தையும் கரும்பலகையையும் மாட்டிவிட்டு, சிவப்புத் துணி கட்டிய முதல் சாக்கைத் தைப் பொங்கல் விடுமுறை முடிந்து கொழுந்தெடுக்கத் தொடங்கும் அன்று பின்தொடருங்கள். உங்களோடு தேயிலை தயாரிப்புக்குப் பொறுப்பான டீ மேக்கரும், ரோலர்காரரில் ஒருவரும், லொறிச் சாரதியும் கட்டாயம் நடந்து வரட்டும்.